வடிந்த ஆற்றில் சிறுமீன்

திருத்தணிக்குத் தூண்டில் கழியோடு ரயிலில் வந்து இறங்குகிறவரைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்வார்கள். ஐந்தாம் படைவீடு, 365 படி, காவடி, மொட்டை என்றே பேரெடுத்த ஊர் அது. ஆனால் ஊரை ஒட்டியே நந்தியாறு ஓடுகிறது. பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் கொசஸ்தலை. இரண்டின் தண்ணீரும் கடைசியில் பூண்டி நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேருகிறது. வழியெங்கும் தடுப்பணை, தரைப்பாலம், மடு, ஏரி. இவற்றில் கிடைக்கும் உள்ளங்கை அளவு ஜிலேபி, விரல் நீளக் கெண்டை, கெளுத்தி, பனையேறி ஆகியவற்றைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். இரண்டு கிலோ கட்லா வேண்டும் என்பவருக்கு இதில் வேலையில்லை.

சரவணப் பொய்கையையும் மற்றக் கோயில் குளங்களையும் இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே தெப்பம்தான் மிதக்கலாம், தக்கை மிதக்கக் கூடாது.

எப்போது போவது

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆற்றுப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். இங்கே மழை இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தில் மழை கொட்டி, கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டில் ஆறு பொங்கிவிடும். 2021 நவம்பரில் அப்படி வந்த தண்ணீர் பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்களை அடித்துக்கொண்டு போனது. பாலத்தையே கொண்டுபோகும் தண்ணீர் தூண்டில்காரரை விட்டுவைக்காது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் ஆற்றின் தலைப்பக்கம் ஆந்திரத்திலேயே இருக்கிறது. எனவே மழைக்காலத்தில் தமிழ்நாட்டு வானிலைச் செய்தி மட்டும் கேட்டால் போதாது. மறுபக்கத்துச் செய்தியையும் கேட்க வேண்டும்.

வெள்ளம் ஒரு நன்மையும் செய்கிறது. புதுத்தண்ணீருக்கு மீன் ஏறும். பூண்டி நிரம்பிய வருடத்தில் பின்தண்ணீரிலிருந்தும், உடைந்த ஏரி, வழிந்த கலங்கல் எல்லாவற்றிலிருந்தும் மீன் ஆற்றுக்குள் வந்துவிடும். பூண்டி 1944-இல் கட்டி முடித்த அணை. 35 அடி ஆழம், 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கண்டலேறு வழியாக அங்கே வந்து சேர்வதால், பழைய காலத்தைப் போல ஒரு மழை பொய்த்தாலே வறண்டுபோகும் நிலை முன்னளவுக்கு இல்லை.

மார்கழி பிறந்ததும் கலங்கல் தெளியத் தொடங்கும். கையளவு ஆழத்தில் உங்கள் விரல் நகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தூண்டில் போடலாம். அதிலிருந்து மாசி முடியும் வரை இங்கே சிறுமீன் காலம். பங்குனி வந்துவிட்டால் மடுக்கள் சூடேறிப் பச்சை கட்டிவிடும். கோடையில் தமிழ்நாட்டிலேயே வெயில் உச்சத்தைத் தொடும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று என்பதை வானொலிச் செய்தி கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் மீன்கள் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், அவற்றுக்குப் பசி என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த மடுவில் தூண்டில் போடுவது வீண்வேலை.

டிசம்பர் 31 அன்று திருத்தணி வழியாகப் போகும் எண்ணம் வேண்டாம். அன்று படித் திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த அந்த வழக்கத்தால், இரவெல்லாம் படிக்குப் படி பாடிக்கொண்டு கூட்டம் ஏறும். அன்றும் மறுநாளும் பேருந்தில் கழியை நுழைக்க இடம் இருக்காது.

நிற்கும் தண்ணீரைத் தேடுவது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: குளிர்ந்த மாதத்தில் சிறுமீன் ஓட்டத்தில் நிற்காது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதற்கு உடம்பில் உள்ளதைச் செலவழிக்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்தால் தீனியும் மந்தம், செரிமானமும் மந்தம். அதனால் செலவைக் குறைத்துக்கொண்டு ஆற்றின் ஓரத்து அமைதிக்கு ஒதுங்கிவிடும்.

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் மிசிசிப்பி ஆறு உறைந்துபோகும் சனவரியில், பனிக்கட்டியில் துளையிட்டு அதன் வழியே தூண்டில் விட்டு கிராப்பி, புளூகில் என்ற சிறுமீன்களைப் பிடிக்கிறார்கள். அவர்கள் நடு ஆற்றில் துளை போடுவதில்லை. கிளை வாய்க்கால் போலப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் அசைவற்ற நீரில்தான் போடுவார்கள். மீன் அங்கே இருக்கிறது என்பது ஒரு காரணம். ஓட்டம் உள்ள இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்பது இன்னொன்று. தெளிந்த பனிக்கட்டி குறைந்தது நான்கு அங்குலம் கனம் இருந்தால்தான் ஒரு ஆள் அதன்மேல் நடக்கலாம் என்பது அங்கே அடிப்படை விதி. நமக்குப் பனிக்கட்டி இல்லை. ஆனால் கொசஸ்தலையின் ஜிலேபியும் மிசிசிப்பியின் கிராப்பியும் குளிரில் போடும் கணக்கு ஒன்றேதான். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் தக்கையைப் பற்றியது. அது பின்னால் வருகிறது.

நம் ஆற்றில் அப்படிப்பட்ட இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் நின்று ஒரு பிடி காய்ந்த சருகைத் தண்ணீரில் தூவுங்கள். ஓட்டத்தோடு போகும் சருகைப் பார்க்காதீர்கள். போகாமல் சுற்றிக்கொண்டு நிற்கும் சருகைப் பாருங்கள். அந்த இடம்தான் உங்களுடையது. பெரும்பாலும் அது தரைப்பாலத்தின் கீழ்ப்பக்கத்தில், குழாய்கள் கொட்டும் இடத்துக்கு இரு பக்கமும் உள்ள மூலைகளில் இருக்கும். குழாய்க்கு நேர் எதிரே கொட்டும் தண்ணீரில் போடுகிறவர்கள் எப்போதும் உண்டு. தண்ணீர் சத்தம் போடும் இடத்தில் மீன் இருக்கும் என்று நம்புகிறார்கள். வெள்ளக் காலத்தில் அது சரி. தை மாதத்தில் சத்தமில்லாத மூலைதான் மீன் தரும்.

அடுத்து, கரையிலிருந்து சாய்ந்து தண்ணீருக்குள் கிடக்கும் வேலிக்காத்தான். ஆற்றை நாசமாக்கிய மரம்தான், ஆனால் மூழ்கிய அதன் கிளைக்குள் பனையேறியும் கெளுத்தியும் குடித்தனம் நடத்துகின்றன. கிளையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். உள்ளேயே போட்டால் முள்ளை மரத்துக்குக் காணிக்கை கொடுக்க வேண்டியதுதான். கோரையும் நாணலும் தண்ணீரைத் தொடும் விளிம்பில் கெண்டை மேயும். தடுப்பணைக்கு மேல்பக்கம் ஜிலேபிக்கு ராஜாங்கம்.

மணல் அள்ளிய பள்ளங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆழமும் அமைதியும் இருப்பதால் அங்கே மீன் நிச்சயம் இருக்கும். ஆனால் கரை உள்ளே குடைந்திருக்கும், மேலே புல் மூடியிருக்கும், ஓரத்திலேயே இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அங்கே நின்று தூண்டில் போடவே கூடாது என்பது என் தீர்மானம். மீன் எங்கும் கிடைக்கும்.

கழி, நரம்பு, தக்கை

கழிக்குப் பெரிய யோசனை தேவையில்லை. பன்னிரண்டு அடி மெல்லிய மூங்கில், நிழலில் காயவைத்தது, நுனி வளைய வேண்டும். சென்னைக் கடைகளில் உள்ளுக்குள் அடங்கும் கார்பன் கழி வாங்கிவந்தால் ரயிலில் சௌகரியம். உருளை தேவையே இல்லை. நரம்பை நுனியிலேயே கட்டுங்கள், நீளம் கழியளவு. நரம்பு 0.16 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முள் 14 அல்லது 16. எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை மறந்து, பெரிய எண் பெரிய முள் என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு.

சிறுமீன் பிடிப்பதில் முக்கால் பங்கு தக்கைதான். பெட்டிக்கடையில் தொங்கும் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் குண்டைக் குழந்தைக்கு விளையாடக் கொடுங்கள். அதை அமுக்குவதற்குள் கெண்டை சந்தேகப்பட்டு இரையைத் துப்பிவிடும். மயிலிறகுத் தண்டு சாலச் சிறந்தது. வாங்கும் இறகு உதிர்ந்ததுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கோழி இறகுத் தண்டு, அதுவும் இல்லாவிட்டால் நெட்டி. ஒரு விரல் நீளம் போதும். சைக்கிள் டியூப் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயில் இரண்டு சின்னத் துண்டு வெட்டித் தண்டின் இரு முனையிலும் மாட்டி, அதன் வழியே நரம்பை விடுங்கள். தக்கையை ஏற்றவும் இறக்கவும் முடிச்சு அவிழ்க்க வேண்டியதில்லை.

இப்போது ஈயம். இங்கேதான் அவசரப்படுகிறவர்கள் தோற்கிறார்கள். கடுகு அளவு ஈயத்தை நரம்பில் பல்லால் கடிக்காமல் குறடால் அழுத்துங்கள். தக்கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பாதி வெளியே நின்றால் இன்னும் ஒரு கடுகு. கால்வாசி நின்றால் இன்னும் ஒரு துணுக்கு. கடைசியில் தண்டின் தலை ஒரு நெல்மணி அளவுக்கு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய வேண்டும். அந்த நிலையில் அயிரை முட்டினாலும் தெரியும். பனித்துளையில் கிராப்பி பிடிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கழி நுனியில் மெல்லிய எஃகுச் சுருளை வைத்து, அது வளைவதைப் பார்த்து மீன் வாய் வைத்ததைக் கண்டுகொள்வார்கள். குளிர்ந்த மீன் இழுக்காது. இரையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்.

ஆழம் பார்க்க, முள்ளில் ஒரு பட்டாணி அளவு ஈயத்தைக் குத்தி இறக்குங்கள். தக்கை மூழ்கினால் மேலே ஏற்றுங்கள், படுத்தால் கீழே இறக்குங்கள். அடிமண் எங்கே என்று தெரிந்தபின் ஈயத்தைக் கழற்றிவிட்டு, கெளுத்திக்கு இரை தரையில் கிடக்கும்படியும், ஜிலேபிக்குத் தரைக்கு இரண்டு விரல் மேலேயும், கெண்டைக்கு நடுத்தண்ணீரிலும் வையுங்கள்.

தக்கை மூழ்கினால் யாருக்கும் தெரியும். மேலே எழும்பிப் படுத்துக்கொண்டாலும் அது கடிதான். அடியில் கிடந்த இரையை மீன் தூக்கியிருக்கிறது, ஈயத்தின் பாரம் தக்கைக்கு இல்லை. ஒரு பக்கமாக நகர்ந்தால் அது பெரும்பாலும் ஜிலேபி. சுண்டுவதற்கு மணிக்கட்டு மட்டும் போதும். தோளிலிருந்து வீசி இழுத்தால் மீனின் உதடு மட்டும் கரைக்கு வரும்.

இரை

மண்புழு எல்லாவற்றுக்கும் ஆகும். முழுப் புழுவைக் கோக்காதீர்கள், அரை அங்குலம் கிள்ளிக் கோத்து நுனி நெளியும்படி விடுங்கள். கோதுமை மாவைக் கொஞ்சம் மஞ்சள் தூளும் துளி நல்லெண்ணெயும் விட்டுச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைந்தால் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் அதுவே போதும். மாந்தோப்பில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்பின் முட்டையைக் கெண்டை கண்டால் விடாது. ஆனால் அதை எடுக்கும்போது எறும்பு உங்களை விடாது.

தவிட்டையும் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கையும் ஆற்று மண்ணோடு பிசைந்து எலுமிச்சை அளவில் ஒன்று முதலில் போடுங்கள். அதன்பின் கால் மணிக்கு ஒரு நெல்லிக்காய் அளவு. கூடை நிறையக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைத் திரும்பியும் பார்க்காது.

கையில் வரும் மீன்கள்

ஜிலேபி நம் மீன் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று அது இல்லாத ஏரி இல்லை. தாய் மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். அந்த நாட்களில் அது இரை எடுக்காது. கரையோரத்தில் தட்டு தட்டாகப் பள்ளம் தெரிந்தால் ஆண் ஜிலேபி தோண்டிய கூடு என்று அறிந்து, அங்கே போடுங்கள். இதை எவ்வளவு பிடித்தாலும் ஆற்றுக்கு நஷ்டமில்லை.

கெளுத்தி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரும். முதுகிலும் இரு பக்கத்திலும் முள் விறைத்து நிற்கும். தலைக்குப் பின்னால், பக்கமுள் இரண்டும் உங்கள் விரலிடுக்குகளில் வெளியே நீட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கொர்கொர் என்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம்.

தேளி வந்தால் நரம்பை வெட்டிவிடுவதே உத்தமம். கறுத்து வழுவழுப்பாக, மீசையோடு இருக்கும். அதன் பக்கமுள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும், அந்த விஷம் சூட்டுக்குச் செயலிழக்கும். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பனையேறிக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. கூடையில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், நழுவினால் புல்லில் நடந்தே தண்ணீருக்குப் போய்விடும். செவுள் மூடியின் விளிம்பு ரம்பம் போல இருக்கும். இரண்டு கையும் வேண்டும் என்று மீனைப் பல்லில் கடித்துக்கொண்டு முள்ளில் இரை கோக்கும் பழக்கம் கிராமத்தில் உண்டு. பனையேறி தொண்டைக்குள் பாய்ந்து, செவுள் விரிந்து மாட்டிக்கொண்டு உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. எந்த மீனையும் வாயில் வைக்காதீர்கள்.

விராலும் குறவையும் எப்போதாவது மண்புழுவுக்கு வரும். தண்ணீர் மேல் செந்நிறப் பொடிக்குஞ்சுகள் கூட்டமாகக் கொதித்துக்கொண்டிருந்தால் அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது. அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் கெண்டைக்கு இரையாகும். தள்ளிப்போய் உட்காருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியும், ஓடு போட்ட டேங்க் கிளீனரும் சிக்கினால் மட்டும் திரும்ப ஆற்றில் விடவே கூடாது. முன்னதை வளர்க்கவே அரசு தடை போட்டிருக்கிறது.

கேட்டுவிட்டுப் போடுங்கள்

ஏரிகள் மீன்பாசிக் குத்தகைக்குப் போகின்றன. குத்தகைக்காரர் காசு கட்டிக் குஞ்சு விட்டிருப்பார். கரையில் ஆடு மேய்ப்பவரிடம், “அண்ணா, இந்த ஏரி யார் குத்தகைங்கண்ணா?” என்று கேட்டால் போதும். “தூண்டிலுக்கா? அதோ மோட்டார் கொட்டாய்ல இருக்காரு, ஒரு வார்த்த கேட்டுக்க தம்பி” என்பார். ஒற்றைக் கழிக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பூண்டியிலும் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. பள்ளிப்பட்டைத் தாண்டிவிட்டால் கேள்வி தெலுங்கில் வரும். கொரமீனு என்றால் விரால், ஜெல்ல என்றால் கெளுத்தி, இவ்வளவு தெரிந்தால் பேச்சு நடக்கும். ஆற்றில் வெடி போடுவதும் மருந்து கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படியே குற்றம். யாராவது செய்வதைப் பார்த்தால் அந்த மீனை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சட்டிக்குப் போகுமுன்

ஈரத் துணி போர்த்திய மூங்கில் கூடையில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பையில் மீன் வெந்துவிடும். கெண்டையையும் கெளுத்தியையும் கல் உப்பு போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் உரசினால் செதிலும் வழவழப்பும் ஒன்றாகப் போகும். ஜிலேபியின் வயிற்றுக்குள் கறுப்பு ஜவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். சேற்று வாடை பாதி அதில்தான். விரலால் வழித்தெடுத்து, அரிசி கழுவிய தண்ணீரில் மஞ்சள் போட்டு அரைமணி நேரம் ஊறவையுங்கள். பொடிக்கெண்டையை மிளகாய்த்தூள், உப்பு தடவித் தலையோடு முறுகப் பொரிக்கலாம். கெளுத்தி குழம்புக்கு. இந்தப் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை, மாசிக் கடைசியில் பிஞ்சு கிடைத்தால் புளியைக் குறைத்து மாங்காய் போடுங்கள்.

மீந்த மீனைத் திருத்தணியில் தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுக்க நினைத்தால் நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் அங்கே பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது. புதன்கிழமை கொண்டுபோனால் மறுப்பவர் குறைவு.